கணினிப் பிரிவிலிருந்து கழனிக்கு

ஓய்வு பெற்ற பேங்க்காரர் ஊருக்குத் திரும்பிப் பயிர் வைக்கிறார் என்றால் ஊரில் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவர் வீட்டில் உலை கொதிக்கும். இரண்டு வருஷம் மரக்கன்று நடுவார், வாட்ஸ்அப்பில் படம் போடுவார், மூன்றாவது வருஷம் மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். இப்படிப் பலரை எங்கள் வந்தவாசிப் பக்கத்து ஊர்கள் பார்த்திருக்கின்றன. நான் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் சிலர் என்னைப் பார்த்து அதே சிரிப்பைத்தான் சிரிக்கிறார்கள்.

நமது இயக்கக் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்களும் ஓய்வு பெறப் போகிறவர்களும் இப்போது நிறைய. வாத்தியார்கள், மின்வாரியத்துக்காரர்கள், வங்கிக்காரர்கள், இப்போது சாஃப்ட்வேர்காரர்களும். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது: "சார், இந்த வயசுல உடம்பு ஒத்துழைக்குமா?" அதற்கு என் பதில் சுருக்கம். அண்டை வெட்டவும் மூட்டை தூக்கவும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். முட்டி வலித்தால் உட்காருங்கள். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அவ்வளவுதான். உடம்பைவிட எனக்குக் கவலை தருவது வேறு. முப்பத்தைந்து, நாற்பது வருஷம் தினமும் ஏதோ ஒரு சிக்கலைத் தீர்த்துப் பழகிய மூளை, தீர்க்க ஒன்றுமில்லாமல் போகும்போது என்ன செய்கிறது என்பதுதான் அது. என்னோடு கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் மகா கெட்டிக்காரர். ஓய்வு பெற்ற இரண்டே வருஷத்தில், சென்னை அடுக்குமாடி வீட்டில் டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போன் செய்தால் "ம்... இருக்கேன்பா" என்று மட்டும் சொல்கிறவராக மாறிப்போனார். இன்னொருவர் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டு கோயில் கோயிலாக அலைகிறார். அவருக்கு வயது குறைந்துகொண்டே போகிறது. எனக்குக் கிடைத்த கல்வெட்டு, அப்பா விட்டுவிட்டுப் போன இரண்டு ஏக்கர் நாற்பது செண்ட்.

லெட்ஜர் காலத்துப் பழக்கம்

நான் 1981-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். படிப்பு பி.எஸ்சி. கணிதம். அப்போது எல்லாம் கையெழுத்துதான். ஒரு லெட்ஜரைத் தூக்கி மேசையில் வைக்கவே தெம்பு வேண்டும். மாதக் கடைசியில் பேலன்ஸ் பத்து பைசா உதைத்தால், அந்தப் பத்து பைசாவைத் தேடி இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருப்போம். ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் கிளைகளுக்குள் வந்தன. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கக் கூட்டங்களில் அனல் பறந்த காலம் அது. 1987-ல் என்னைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தேன். ("யாருங்க அந்தக் கோபால்? தூக்கத்துலகூட அவர் பேரைச் சொல்றீங்களே" என்று கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடும் ஜோக்.)

பிறகு 1999 டிசம்பர் 31 இரவு. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள், 2000 பிறந்ததும் அதை 1900 என்று எடுத்துக்கொண்டு வட்டியைத் தாறுமாறாகப் போட்டுவிடுமோ என்று உலகமே பயந்த இரவு. நாங்கள் விடிய விடிய விழித்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்றால், அதற்கு முந்தைய இரண்டு வருஷம் வரி வரியாகப் பார்த்துத் திருத்தியிருந்தோம். அதற்கும் பிறகு கோர் பேங்கிங். கிளை கிளையாகக் கிடந்த கணக்குகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுபோன வேலை. 2019-ல் ஓய்வு.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த வேலை எனக்குள் மூன்று பழக்கங்களை ஊற வைத்துவிட்டது. நடந்ததை நடந்த நேரத்திலேயே லாக் புக்கில் எழுதுவது. கோளாறு வந்தால் மெஷினையும் திட்டாமல் ஆளையும் திட்டாமல் "கடைசியா எதை மாத்தினோம்?" என்று கேட்பது. சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. கழனிக்கு வந்தபோது என் கையில் இருந்த முதலீடு இவைதான். மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. எந்த ரகத்தை எந்தப் பட்டத்தில் விடுவது என்று தெரியாது. பணியில் இருக்கும்போதே கடவூர் வானகத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்ததால் ஆர்வம் மட்டும் இருந்தது. கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு வந்தவர் ஐயா நம்மாழ்வார். வேலையை விட்டுவிட்டு வந்தாலும் ஆராய்ச்சியை விடாத மனிதர் என்றுதான் நான் அவரைப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

நோட்டில் ஒட்டிய பூச்சி

கம்ப்யூட்டர்காரர்கள் பிழையை 'பக்' என்பார்கள். பூச்சி என்று பொருள். இன்ஜினியர்களிடம் வெகுநாளாகப் புழங்கிய சொல்தான் அது. ஆனால் 1947 செப்டம்பர் 9 அன்று நிஜப் பூச்சியே வந்து மாட்டியது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 கம்ப்யூட்டர் கோளாறு செய்தது. திறந்து பார்த்தால் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்து, லாக் புக்கில் டேப் போட்டு ஒட்டி, நேரத்தையும் குறித்து, பூச்சி நிஜமாகவே பிடிபட்ட முதல் சம்பவம் இது என்று கிண்டலாக எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பிரபலமாக்கியவர் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார். நான் படித்த கோபால் மொழிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். இவரைப் பற்றி நம் ஓய்வூதியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கடற்படை 1966 கடைசியில் இவருக்கு 60 வயதானதும் ஓய்வு கொடுத்து அனுப்பியது. ஏழெட்டு மாதம் போவதற்குள், அவர் இல்லாமல் வேலை நடக்கவில்லை என்று திரும்ப அழைத்தது. கடைசியாக அவர் சீருடையைக் கழற்றியது 1986-ல், 79 வயதில். அதற்குப் பிறகும் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு ஆலோசகர். 1992 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார்.

என் நோட்டிலும் பூச்சி ஒட்டியிருக்கிறது. முதல் சம்பாவில் இருந்தே கழனி ஓரம் விளக்குப்பொறி வைக்கிறேன். கீழே ஒரு டப்பில் தண்ணீர், அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது சோப்புக் கரைசல், மேலே ஒரு பல்பு. இருட்டியதிலிருந்து பத்து மணிவரை மட்டும் எரியும். விடிய விடிய எரிய விடாதீர்கள். நமக்கு நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து விழுந்து செத்துப்போகும். காலையில் குருத்துப்பூச்சியின் தாய் அந்துகளை மட்டும் எண்ணி எழுதுவேன். மஞ்சள் இறக்கை, இரண்டு பக்கமும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக ஒன்றை நோட்டில் டேப் போட்டு ஒட்டினேன். நடவுக்கு வந்த பெண்கள் பார்த்துவிட்டு, "இன்னா சார், பூச்சிக்கு ஆதார் கார்டு போடறீங்களா?" என்று கேட்டார்கள்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணுவதால் என்ன லாபம்? விளக்கில் தாய் அந்து திடீரென்று கூடினால், அடுத்த சில நாளில் இலை நுனிகளில் முட்டைக் குவியலைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். பழுப்பு மயிர் போர்த்திய சின்னக் குவியல், நெல்லளவுதான் இருக்கும். பொரித்துப் புழு தண்டுக்குள் போய்விட்டால் நம் எந்தக் கரைசலும் அதை எட்டாது. இளம் பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வரும்போது வெண்கதிராக நிற்கும். ஆகவே வெளியே இருக்கிற அந்தச் சில நாள்தான் நமக்குக் கிடைக்கிற நேரம். முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவதாக இருந்தாலும் அதே நாட்களில் கட்டினால்தான் பிரயோஜனம். நாள் கணக்கு தெரியாமல் கட்டுவது, பஸ் போன பிறகு டிக்கெட் வாங்குவது மாதிரி.

நடவுக்கு வருகிறவர்களில் எழுபது வயது தாண்டிய ஒரு அக்கா இருக்கிறார். நாற்று முடியைப் பிரிக்கும்போதே நுனியைக் கிள்ளிப் போட்டுவிட்டு நடுவார். "எதுக்குக்கா?" என்று கேட்டால் "நுனியில சீக்கு இருக்கும் தம்பி" என்பார். நாற்றின் நுனியில் இருக்கும் முட்டைக் குவியல் அதோடு போய்விடும் என்று வேளாண்மைத் துறையும் அதையேதான் சொல்கிறது. அக்காவுக்கு முட்டை தெரியாது, பழக்கம் தெரியும். இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு ஃபைல் இருக்கிறது. அதைத் திறக்க நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு இருக்கிற பெரிய வசதி, உட்கார்ந்து கேட்க நேரம் இருப்பது.

மழைக்கும் ஒரு பக்கம்

மழைமானி வாங்கக் காசு வேண்டியதில்லை. மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கிற எந்த டப்பாவும் போதும். அகலம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, நேராக இருக்க வேண்டும், அவ்வளவே. மரம், கூரை மறைக்காத இடத்தில் வைத்து, வானிலை நிலையங்கள் பார்க்கும் அதே காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் விட்டு அளந்து எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஓர் ஏக்கருக்கு 4,047 லிட்டர். ஒரே இரவில் 40 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 1,60,000 லிட்டருக்கு மேல். என் கிணற்று மோட்டார் 200 லிட்டர் டிரம்மை 25 விநாடியில் நிரப்புகிறது. அப்படியானால் அந்த ஒரு மழை எனக்கு ஐந்தரை மணி நேர மோட்டார் ஓட்டத்துக்குச் சமம். இந்தக் கணக்கைப் போட்ட அன்றிலிருந்து நான் வரப்பைப் பார்க்கும் பார்வையே வேறு. வரப்பில் நண்டு வளை ஒன்று இருந்தால் மனதுக்குள் லிட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கம்ப்யூட்டர்காரன் புத்தி சும்மா இருக்குமா? மண் ஈரம் பார்க்கும் சென்சார்கள் இரண்டு வகை வாங்கி, ஒரு மாதம் கொல்லையில் சொருகிவைத்து, அதே நேரத்தில் தண்ணீர் கட்டும் பெரியவரையும் மண்ணைப் பிடித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவர் கைப்பிடி மண்ணை உருட்டி "நாளைக்கு வுடலாம்" என்பார். சென்சாரும் பெரும்பாலும் அதையேதான் சொன்னது. இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ச்சி அளக்கும் வகை, மண்ணுக்குள் சீக்கிரமே அரித்துப்போகும். பெரியவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனால் நெல்லுக்கு ஒரு சாதனம் கட்டாயம் வேண்டும் என்பேன். பிளாஸ்டிக் பைப்தான் அது. வயல்நீர்க் குழாய் என்பார்கள், பானி பைப் என்றும் சொல்வார்கள். ஓர் அடி நீளப் பைப்பின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி கழனியில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். மேலே தண்ணீர் வற்றியதாகத் தெரிந்தாலும் குழாய்க்குள் எட்டிப்பார்த்தால் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும். மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர்வரை இறங்கிய பிறகு தண்ணீர் விட்டால் போதும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடாமல் நிறுத்தி வையுங்கள். "வெடிப்பு விட்டா பயிர் போயிடும்" என்று பயந்து நாங்கள் நாள் தவறாமல் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த ஊர் இது. குழாய்க்குள் தண்ணீர் பளபளவென்று தெரிவதைக் கண்ணால் பார்த்த பிறகு, இரண்டு மூன்று பேர் ஒரு நாள் தள்ளிப்போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று

இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கோபத்தைத் தரலாம். நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாசகம்: "அடிச்சேன் சார், சூப்பரா வந்துச்சு." எதை அடித்தீர்கள் என்றால் பஞ்சகவ்யம், மீன் அமிலம், அமிர்தக்கரைசல், கூடவே கடல்பாசியும் என்பார்கள். அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்திருக்கும். இதில் எது வேலை செய்தது? நான்கில் மூன்று வீணாகவும் இருக்கலாம். வீணான மூன்றுக்கும் செலவு செய்துகொண்டே இருப்போம். கம்பெனிக்காரன் பாட்டிலில் விற்கும்போது கேட்கிற கேள்வியை நம் டிரம்மைப் பார்த்தும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

செய்வது எளிது. எதைப் புதிதாகச் செய்தாலும் இரண்டு பாத்தியை விட்டுவையுங்கள். அதே விதை, அதே நாள், அதே தண்ணீர், அந்த ஒன்று மட்டும் இல்லாமல். வரப்போரமாக இருக்கும் பாத்தியையே எப்போதும் விட்டுவைக்காமல் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஓரத்துப் பயிர் எப்போதுமே வேறு மாதிரிதான் வரும். அறுக்கும்போது தராசில் நிறுங்கள். நெல்லானால் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து, காயவைத்து, நிறுத்து, 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும்.

என் மல்லாட்டைக் கொல்லையில் மூன்று பருவம் இப்படிப் பார்த்தேன். பஞ்சகவ்யம் தெளித்த பாத்திக்கும் தெளிக்காத பாத்திக்கும் காய் எடையில் வித்தியாசம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் போட்ட கத்தரியில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, பறிப்பு இரண்டு வாரம் கூடுதலாக நீண்டது. ஆகவே இப்போது கத்தரிக்குத் தெளிக்கிறேன், மல்லாட்டைக்குத் தெளிப்பதில்லை. இது என் மண்ணில், என் மாட்டுச் சாணத்தில் வந்த விடை. உங்கள் மண்ணில் வேறு விடை வரலாம், வந்தால் எழுதுங்கள். பஞ்சகவ்யத்தைக் குறை சொல்கிறார் என்று மட்டும் எழுதாதீர்கள்.

விதையிலும் இப்படித்தான். யார் எவ்வளவு பெருமை சொல்லி விதை கொடுத்தாலும் நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்து வைத்துவிடுவேன். 80-க்குக் குறைவாக முளைத்தால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அரசு சான்று விதைக்குச் சொல்லும் அளவும் நெல்லுக்கு அதுதான்.

முப்பது செண்ட் உத்தரவாதம்

என் கழனிக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் பயிர் வைக்கிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள், நகைக் கடன், ஒரு மாடு. மூன்று வருஷம் என் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்:

"சார், நீங்க செய்யறது எல்லாம் நல்லாத்தான் இருக்குது. உங்களுக்கு வெளைச்சல் வுழுந்தா பென்ஷன் தாங்கும். எனக்கு வுழுந்தா யார் சார் தாங்கறது?"

மண் உயிர் பெறும், மூன்று வருஷம் பொறுங்கள் என்று நாம் மேடையில் சொல்லும் பதில் எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தாது. முதல் வருஷப் பள்ளிக் கட்டணத்தை மண் கட்டாது. நான் பேங்க்காரன். பேங்க்காரனுக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "தம்பி, முப்பது செண்ட்ல பார்ப்போம். குறையற துண்டுக்கு நான் உத்தரவாதம்."

2022 சம்பாவில் ஆரம்பித்தோம். பக்கத்துப் பக்கத்தில் முப்பது செண்ட், முப்பது செண்ட். ஒன்றில் அவர் வழக்கப்படி உரம், மருந்து. இன்னொன்றில் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, ஜீவாமிர்தம் பாய்ச்சி, நம் முறை. இரண்டிலும் அவர் எப்போதும் நடும் வெள்ளைப் பொன்னிதான். "பாரம்பரிய ரகம் போடாம என்ன இயற்கை விவசாயம்?" என்று இயக்க நண்பர் ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். ரகத்தையும் முறையையும் சேர்த்து மாற்றினால், மூட்டை குறைந்தது எதனால் என்று அந்த மனிதருக்கு நான் எப்படிச் சொல்வேன்?

செலவுக் கணக்குக்கு நோட்டில் தலைப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். உரம், மருந்து, களை, வெல்லம், மாவு என்று. அவர் மனைவி எட்டிப் பார்த்து, "பேங்க் சார், தெனமும் காலையிலயும் சாயங்காலமும் அந்த டிரம்மைக் கலக்கப்போறது நானு. அதுக்குக் கூலி எந்தக் கட்டத்துல வருது?" என்று கேட்டார். 'வீட்டாள் கூலி' என்று ஒரு கட்டம் உடனே சேர்ந்தது. இயற்கை வேளாண்மையில் செலவு குறைவு என்று எழுதும் பல கட்டுரைகளில் இந்தக் கட்டத்தை நான் பார்த்ததில்லை. செலவு எங்கே குறைகிறது என்று தேடினால் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் முதுகில்தான் போய் நிற்கும்.

முதல் வருஷம் உரக் கழனி எட்டே முக்கால் மூட்டை, நம் கழனி ஆறரை. 75 கிலோ மூட்டை. விலை 1,500 ரூபாய் என்று வைத்தால் 3,375 ரூபாய் குறைவு. உரம், மருந்துச் செலவு 2,600. நம் பக்கம் இடுபொருள், கூடுதல் களையெடுப்பு, வீட்டாள் கூலி எல்லாம் சேர்த்து 2,000. மிச்சம் 600 போக, துண்டு 2,775 ரூபாய். சொன்னபடி கொடுத்தேன், அவரும் எண்ணி வாங்கிக்கொண்டார். வாங்கியதுதான் சரி. வாங்காமல் இருந்திருந்தால் அடுத்த வருஷம் நிறுத்தியிருப்பார்.

இரண்டாம் வருஷம் ஒன்பதுக்கு ஏழே முக்கால். துண்டு 975 ரூபாய். போன வருஷம், 2024 சம்பாவில், எட்டரைக்கு எட்டே கால். நெல் விலை 1,600. மூட்டையில் 400 ரூபாய் குறைவு, செலவில் 1,200 மிச்சம். முதல் தடவையாக 800 ரூபாய் அவர் பக்கம் நின்றது. மூன்று வருஷத்தில் என் கையிலிருந்து போனது 3,750 ரூபாய். நண்பர்கள் ஒரு நாள் ஓட்டல் சாப்பாட்டுக்குச் செலவழிப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

என் ஓய்வூதிய நண்பர்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். பணிக்கொடைப் பணத்தை எடுத்து ஐந்து ஏக்கர் வாங்கி, கம்பி வேலி போட்டு, ஆழ்துளைக் கிணறு இறக்கி, பண்ணை வீடு கட்டாதீர்கள். அது விவசாயம் இல்லை, வயதான காலத்தில் செய்யும் ரியல் எஸ்டேட். நிலத்துக்காக மாதம் இவ்வளவுதான் என்று பென்ஷனில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் கோடு ஐயாயிரம். அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, பயிரை நம்பி வாழ்கிறவர்கள் செய்து பார்க்கத் துணியாததை நீங்கள் செய்து பாருங்கள். நட்டம் வந்தால் அது நோட்டில் ஒரு பக்கம், அவ்வளவுதான். அதே நட்டம் அவர்களுக்கு வந்தால் ஒரு நகை ஏலத்துக்குப் போகும்.

இந்தச் சம்பாவில் கிழக்குக் கழனிக்காரர் இன்னொரு அரை ஏக்கரை மாற்றியிருக்கிறார், இதற்கு உத்தரவாதம் கேட்கவில்லை. மீதியில் உரம் தொடர்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை, அது அவர் நிலம், அவர் கடன். போன வாரம் குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சார், போன வருஷம் உங்க வெளக்குல அந்து கார்த்திகை மொத வாரத்துல கூடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. இந்த வருஷம் மழை முன்னாடியே புடிச்சிக்கிச்சே, அந்தும் முன்னாடியே வருமா?"

ஆறு சம்பாப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். மூன்று வருஷம் ஆமாம் என்கிறது, இரண்டு வருஷம் இல்லை என்கிறது. ஒரு வருஷம் புயலில் விளக்கே எரியவில்லை. அதனால் அவர் கழனியிலும் ஒரு விளக்கு போட்டிருக்கிறோம். எண்ணுவது அவருடைய மூத்த மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று இரவு என் டப்பில் 14, அவளுடையதில் 9.